உன் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டேன்

இன்று காலை உன் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிட்டேன். உடனே கோபப்படாதே. முழுக்கக் கேள்.

மந்தைவெளியில் நம் வாசகசாலைத் தெருவுக்குப் பழைய இரும்பு வாங்குகிறவர் வண்டியோடு வந்தார். நான்தான் ஓடிப்போய் நிறுத்தினேன். மேசைக்கடியிலிருந்து அந்தப் பெட்டியை அவர் வெளியே இழுத்ததும் தூசியின் வாசனை எழுந்தது. சாதாரணத் தூசி இல்லை. பல வருஷம் மின்விசிறி உள்ளே இழுத்து, சூடேறி, சூடேறி, லேசாகக் கருகின தூசி. எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் உன் பக்கத்து நாற்காலியில் நான் சுவாசித்த வாசனை அது. அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உள்ள எதுனா கீதா, இல்ல வெறும் தகரமா?" என்று கேட்டார். "உள்ள இருந்ததையெல்லாம் எடுத்துண்டுட்டேன். நீங்க கொண்டு போங்கோ" என்றேன். எடுத்துக்கொண்டது எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டும். பாதிவரைக்கும் உனக்கே தெரியும். மீதிப் பாதிக்குத்தான் இந்த மடல்.

நான் முதன்முதலாக இங்கே வந்தபோது தி.நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வையற்றவர்களுக்கான வாசகசாலைக்குத் தமிழ் டைப் அடிக்க ஆள் தேவை என்று யாரோ சொன்னார்கள். புத்தகத்தைப் பார்த்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்து வந்தேன். மூலையில் நீ உட்கார்ந்திருந்தாய். என் வயதுதான் உனக்கும். ஒரு கையில் வேர்க்கடலைப் பொட்டலம், இன்னொரு கை கீபோர்டில். உன் முன்னால் இருந்த திரை அணைந்திருந்தது. அடிப்பதைப் பேசிக் காட்டும் ஒரு சின்னப் பெட்டி மட்டும் யாருக்கும் புரியாத வேகத்தில் ஆங்கிலத்தில் எதையோ படபடத்துக்கொண்டிருந்தது. "எப்படி இது உனக்குப் புரியறது?" என்று கேட்டேன். "நீ பேசறது தான் எனக்கு ஸ்லோவா கீது" என்றாய். அன்றைக்கே நாம் நீ, நான் என்று ஆகிவிட்டோம்.

அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து, நாலு வயதில் காய்ச்சலில் பார்வை போய், விடுதியில் படித்து, ஒரு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் நீ. அழைப்பு வராத மதியங்களில் உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாய். காரணம், கோபம். வெளியிலிருந்து வாங்கின பிரெய்ல் மென்பொருளுக்குத் தமிழ் தெரியவில்லை. 'கொக்கு' என்று நாங்கள் அடிக்கும்போது திரையில் ஒற்றைக் கொம்பு முதலில் வரும். பிரெய்லில் ககரம் முதலில் வரவேண்டும், ஒகரம் அதன் பின்னால். அந்த மென்பொருள் கொம்பை முன்னாலேயே குத்திவைத்தது. "கண்ணுக்கு முன்னாடி வர்றது விரலுக்குப் பின்னாடி வரணும். இது கூடத் தெரியாம ஒரு சாஃப்ட்வேரா?" என்று திட்டிவிட்டு நீயே ஒன்று எழுதினாய். நாங்கள் அடித்ததை வாங்கி, புள்ளிகளாக மாற்றி, பிரெய்ல் பிரிண்டருக்கு அனுப்பும் புரோகிராம். அந்தக் காலத்து டாஸ் இயங்குதளத்தில் ஓடுவது. அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் அதன் வழியாகத்தான் வந்தன. அவற்றின் மூலப்பிரதி முழுக்க நீ வகுத்த எழுத்துக் குறியீட்டில், உன் புரோகிராமால் மட்டுமே படிக்கக்கூடிய கோப்புகளாக அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தது.

போன வருஷம் இரண்டு கெட்ட செய்திகள் ஒன்றாக வந்தன. உன் வயிற்றில் கட்டி. பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க், சோழிகளைக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம்.

நம் செயலாளர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். "இதோ பாருங்கோ மாமி, புது கம்ப்யூட்டர், புது மென்பொருள் வாங்கியாச்சு. இனிமே வர்ற புத்தகமெல்லாம் அதுல போகட்டும். பழசு எத்தனை நாளைக்கு? எல்லாரும் இப்போ புத்தகத்தைப் போன்லயே கேக்கறாளே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி பேசினாள். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், தமிழாசிரியர் தேர்வுக்குப் படிக்கிறவள். இலக்கண நூலின் பிரெய்ல் பிரதியை மேசையில் வைத்தாள். "சார், இத்த எத்தினி பேரு படிச்சிட்டாங்க பாருங்க. புள்ளியெல்லாம் தேஞ்சி போச்சி. போன்ல கேட்டா ணகரமா னகரமான்னு எப்டி தெரியும்? எனக்கு எழுத்து வேணும் சார்" என்றாள். நான் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். படித்துப் படித்தே வழவழப்பாகிப் போயிருந்தது.

செயலாளரும் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "பொங்கலுக்குள்ள ஏதாவது வழி பண்ண முடிஞ்சா பண்ணுங்கோ. அப்புறம் அந்த மூலை எனக்கு வேணும்" என்றார்.

அன்று மாலையே உன் வீட்டுக்கு வந்தேன். முதல் சிகிச்சை முடிந்து படுத்திருந்தாய். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தாய். உன் தம்பி தலையணையை முதுகுக்குக் கொடுத்தான். "பெட்டி சாவட்டும் வுடு. அத்த அப்டியே தூக்கி இன்னொரு பெட்டிக்குள்ள வெச்சிடலாம்" என்றாய். உடம்பு முடியாமல் பேசுகிறாய் என்று நினைத்தேன். நீ விளக்கினாய். இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற மென்பொருள் இருக்கிறது. ப்ராசஸர், நினைவகம், டிஸ்க், போர்ட் எல்லாவற்றையும் அதுவே நடித்துக் காட்டும். பழைய இயங்குதளம் தான் நிஜக் கம்ப்யூட்டரில் ஓடுவதாகவே நம்பிக்கொள்ளும். கியூஎமு என்று பெயர். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே திறந்தும் பார்க்கலாம். "நான் டைப் அடிக்கறவ, எனக்கு இதெல்லாம் வராதுடி" என்றேன். "உனக்குக் கண்ணு கீது, கை கீது. எனக்கு மண்டை கீது. ரெண்டையும் சேத்தா ஒரு ஆளு வரும்" என்றாய்.

அப்படித்தான் தொடங்கினோம். வாசகசாலையில் யாரோ கொடுத்திருந்த லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கம்ப்யூட்டரில் நான், போனில் நீ, சில நாள் வீட்டிலிருந்து, சில நாள் ஆஸ்பத்திரியிலிருந்து. நிறுவுவது ஒரே வரியில் முடிந்தது. உடனே பழைய டிஸ்க்கை வைக்கலாம் என்று நான் பறந்தேன். நீ விடவில்லை. "மொதல்ல காலி மெஷின் ஒண்ணு செய்" என்றாய். வெறும் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதை டிஸ்க் என்று சொல்லி, இவ்வளவு நினைவகம் என்று சொல்லி ஓட வைக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாய். "ஹைபன் எம்" என்றாய். எனக்கு 'என்' என்று கேட்டது. பிழை வந்தது. அதற்கப்புறம் நமக்குள் ஒரு பாஷை உண்டானது. எம் என்றால் மாங்கா, என் என்றால் நண்டு. "ஹைபன் மாங்கா" என்று நீ கத்துவதைக் கேட்டு உன் வார்டு நர்ஸ் ஏதோ நினைத்திருப்பார்.

கடைசியில் ஒரு கறுப்பு ஜன்னல் திறந்தது. நாலைந்து வரிகள் ஓடின. தொடங்குவதற்கு எந்த டிஸ்க்கும் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. "போச்சுடி, வேலை செய்யலை" என்றேன். நீயோ கைதட்டினாய். "வேலை செய்யுதுடி லூசு! மெஷின் பொறந்துடுச்சு. டிஸ்க்கு எங்கன்னு கேக்குது. வெறும் டிஸ்க்கக் குடுத்துட்டு நீ ஏன் அழுவுற?"

அடுத்து நகல் எடுக்கும் வேலை. பழைய டிஸ்க்கைக் கழற்றி, ரிச்சி தெருவில் தேடி வாங்கின ஒரு இணைப்பானில் மாட்டி, டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக இழுக்க வேண்டும். நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும் நகல் மென்பொருளை நீதான் சொன்னாய். சோழிச் சத்தம் வரும்போதெல்லாம் போனை டிஸ்க்கின் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கேட்டாய், டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பது மாதிரி. "இன்னும் உயிரு கீது, நிறுத்தாத" என்றாய். சின்னச் சின்ன ஓட்டைகளைத் தவிர எல்லாம் வந்துவிட்டது. "அந்த நகலைத் தொடாத. அதுக்கு மேல இன்னொரு கோப்பு போடு. மாத்தறதெல்லாம் மேல எழுதட்டும், அடியில இருக்கறது அப்டியே இருக்கட்டும்" என்றாய். எத்தனை முறை கெடுத்தாலும் மேல்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். அது புரிந்த பிறகுதான் நான் துணிந்து கட்டளைகளை அடித்தேன்.

நகல் உயிர்பெற்ற அன்று நீ அடையாறு ஆஸ்பத்திரியில் இருந்தாய். நான் திரையைப் பார்த்து, "சி, அதுக்கப்புறம் ரெண்டு புள்ளி, ஒரு அம்புக்குறி, கோடு மின்னிண்டே இருக்கு" என்று படித்தேன். "என் வூட்டுக் கதவு அது" என்றாய். வேகத்துக்கு ஒரு வார்த்தையைச் சேர்க்கச் சொன்னாய். அதைச் சேர்த்தால், மென்பொருள் ஒவ்வொரு கட்டளையையும் தானே நடித்துக் காட்டுவதை விட்டுவிட்டு நிஜ ப்ராசஸரிடமே கொடுத்துவிடும். அதுதான் மெய்நிகராக்கம் என்றாய். கண் இமைப்பதற்குள் எல்லாம் திறந்தன. "நாளைக்கு என் புரோகிராமை ஓட்டு. பிரிண்டர் சத்தத்த எனக்குப் போன்ல போடு" என்றாய்.

மறுநாள் மதியம் உன் தம்பியின் போன் வந்தது. உன் போன் இல்லை.

கொஞ்ச நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. கடற்கரையில் நீ மிளகாய் பஜ்ஜி தின்னும் கடையைத் தாண்டிப் போகக்கூட முடியவில்லை. ஆனால் மார்கழி பிறந்துவிட்டது. செயலாளர் எதுவும் கேட்கவில்லை. செல்விதான் போன் செய்தாள். "அக்கா, உங்களுக்குத் துக்கம், எனக்குப் புரியுது. எனக்கும்தான். ஆனா பரீட்சை தேதி வந்துடுச்சிக்கா" என்றாள். அன்றே செருப்பை மாட்டினேன்.

உன் புரோகிராமை ஓட்டினேன். ஒரே வரியில் செத்துப் போனது. இயக்கப் பிழை இருநூறு, பூஜ்யத்தால் வகுத்தல். மறுபடி ஓட்டினேன். அதே வரி. கணக்கு எழுதியே வாழ்ந்தவள் நான். எனக்குப் பூஜ்யத்தால் வகுக்கக்கூடாது என்று தெரியும், உனக்குத் தெரியாதா? நகல் எடுக்கும்போது உன் புரோகிராமிலேயே ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்தேன். மேல்தாளைக் கிழித்தேன், புதிது போட்டேன். அதே வரி. போனை எடுத்து உன் பெயர் வரை போய்விட்டேன், தெரியுமா?

அப்புறம் போனை வைத்துவிட்டுக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பாதி புரியவில்லை. புரியாததை எழுதி, அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் இணையக் குழுவில் என் ஓட்டை ஆங்கிலத்தில் கேட்டேன். பிழைச் செய்தியை ஒரு எழுத்து விடாமல் போட்டேன். முகம் தெரியாத ஒருவர் பதில் சொன்னார்: உங்கள் புரோகிராம் கெடவில்லை. அந்தக் காலத்துப் பாஸ்கல் மொழியில் எழுதின புரோகிராம்கள் தொடங்கும்போதே கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம் என்று அளந்து பார்க்கும். உங்கள் கம்ப்யூட்டர் அளவுகோலையே தாண்டி ஓடுகிறது, அதனால் அந்த வகுத்தல் கணக்கு உடைகிறது. அதை மெதுவாக்குங்கள்.

வேகத்துக்காக நாம் ஆசையாய்ச் சேர்த்தோமே ஒரு வார்த்தை, அதை எடுத்தேன். அப்போதும் உடைந்தது. நடிக்கிற ப்ராசஸரே உன் பழைய பெட்டியைவிடப் பல மடங்கு வேகம். பிறகு கையேட்டில், இவ்வளவு நேரத்துக்கு ஒரு கட்டளை என்று எண்ணி எண்ணி ஓட வைக்கும் வழி ஒன்று கண்ணில் பட்டது. அளவை மாற்றி மாற்றி வைத்தேன். ஒன்றில் உடைந்தது. ஒன்றில் தூங்கிவிட்டது. மயிலாப்பூர் குளத்தங்கரையில் பூ வாங்கப் போனால்கூட மண்டைக்குள் அந்த எண்தான். ஆத்துல தாளிக்கும்போதும் அதுதான். என் வீட்டுக்காரர், "எதுக்கு இப்படி அலட்டிக்கறே? அவளே இல்லையே" என்றார். "அவ இல்லை, அதனாலதான்" என்றேன்.

ஒரு சனிக்கிழமை முற்பகல் உன் புரோகிராம் திறந்தது. உன் பெயரும், கீழே 'பிழை இருந்தால் என்னைத் திட்டவும்' என்ற வரியும். சிரித்தேன். அழவில்லை. நேரம் இருக்கவில்லை.

ஏனென்றால் இனிமேல்தான் பிரிண்டர். அதன் தடித்த கேபிளை ஒரு மாற்று வயர் வழியாகப் புதுப் பெட்டியில் சொருகி, அந்த வழியை உள்ளே இருக்கும் உன் கம்ப்யூட்டருக்குத் திறந்துவிட்டேன். முதலில் அனுமதி இல்லை என்றது. அனுமதி கொடுத்தேன். பிரிண்டர் உறுமிவிட்டுத் தாளைக் குத்தித் தள்ளியது. நான் குதித்தேன். செல்வி தாளை வாங்கி விரலை ஓட்டினாள். முகம் சுருங்கியது. "அக்கா, இது தமிழே இல்ல. எதுவுமே இல்ல. குப்பை" என்றாள்.

அங்கே உட்கார்ந்து யோசித்தோம், அவளும் நானும். பிரிண்டரிடம் எந்த வேகத்தில் பேச வேண்டும் என்று சொல்லும் வரி, உன் டிஸ்க்கின் தொடக்கக் கோப்பில் இருந்திருக்கிறது. அந்தக் கோப்பு ஓட்டை விழுந்த மூலையில் போய்விட்டது. எந்த வேகம்? உனக்குத் தெரியும். உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. செல்விதான் கேட்டாள், "பிரிண்டருக்கே தெரியாதாக்கா?"

தெரியும்! பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்சாரம் கொடுத்தால், தன் அமைப்புகளைத் தானே பிரெய்லில் குத்திக் கொடுக்கும் என்று அதன் கையேடு சொன்னது. கொடுத்தது. என் கண்ணுக்கு அது வெள்ளைத் தாள். செல்வி படித்தாள், நான் டைப் அடித்தேன். வேகம் இவ்வளவு, பிட்டுகள் இத்தனை என்று டாஸில் ஒரு வரி. மறுபடி அனுப்பினேன்.

செல்வி முதல் வரியில் விரலை வைத்தாள். "எழுத்து எனப்படுப" என்று படித்தாள். பிறகு சத்தமாகப் படிப்பதை நிறுத்திவிட்டு உள்ளுக்குள் படிக்க ஆரம்பித்தாள். பக்கம் முடிந்ததும் கையை நீட்டினாள், அடுத்த தாளுக்கு. பொங்கலுக்கு முன்னால் அவளுடைய இலக்கண நூல் முழுதும் வந்துவிட்டது. கட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். தேர்வு எழுதிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. தேறாவிட்டால் மறுபடி எழுதுவேன் என்கிறாள்.

செயலாளர் வந்து பார்த்தார். கறுப்பு ஜன்னலுக்குள் உன் கம்ப்யூட்டர் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கேட்டது நல்ல கேள்வி. "இப்போ உங்களுக்குத் தெரியும் மாமி. நாளைக்கு நீங்களும் இல்லைன்னா?"

அதனால்தான் மூன்று இடங்களில் நகல் வைத்த பிறகு பெட்டியைப் போட்டேன். கட்டளைகளையெல்லாம் ஒரே கோப்பில் எழுதி, செல்வியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். லினக்ஸில் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை அவளே போட்டுக்கொண்டாள். போன வெள்ளிக்கிழமை அவளே முதன்முறையாக உன் கம்ப்யூட்டரைத் தொடங்கினாள். கோப்பைக் கேட்டுக் கேட்டுத் தானே அடித்தாள், பாதியில் ஒரு ஹைபனை விட்டுவிட்டாள். பிழை வந்தது. என் கை தானாகக் கீபோர்டை நோக்கிப் போனது.

அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. உன்னோடு முதன்முதலாக லஸ் முனையைக் கடந்த சாயங்காலம். நான் பாய்ந்து உன் முழங்கையைப் பிடித்தேன். நீ நடு ரோட்டிலேயே நின்றுவிட்டாய். ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். "நான் கேட்டேனா? கேட்டா உன் கைய நானே புடிச்சுப்பேன். அதுவரிக்கும் சும்மா கூட நட" என்றாய்.

கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். செல்வி கம்ப்யூட்டரின் குரலைத் திரும்ப ஓட விட்டாள், ஒருமுறை, இன்னொருமுறை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்கு விரல் அரித்தது. சும்மா இருந்தேன். அவள் ஹைபனைக் கண்டுபிடித்தாள்.